உடன்படிக்கையும் குமாரத்திகளின் பங்கும்

உடன்படிக்கை என்னும் சொல் வேத மாணாக்கருக்குப் பழகிய ஒன்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979 டிசம்பர் 18ஆம் நாள் ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தத்தையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான அவ்வுடன்படிக்கை 1981 செப்டம்பர் 3 முதல் நடைமுறையில் உள்ளது. கல்வி, வேலை, ஊதியம், திருமணம், சொத்து ஆகியவற்றில் சமத்துவத்தை அது கோருகிறது. சட்டத்தை மட்டுமன்றி, பெண்ணைத் தாழ்த்தும் வழக்கங்களையும் மாற்ற வேண்டும் என்று அதன் 5ஆம் பிரிவு அரசுகளைப் பணிக்கிறது.

இந்தியா 1980இல் கையொப்பமிட்டு, 1993 ஜூலை 9ஆம் நாள் அதனை உறுதி செய்தது. ஆயினும், எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் இசைவும் இன்றித் தலையிடுவதில்லை என்னும் தன் கொள்கைக்கு இணங்கவே வழக்கங்களையும் குடும்பத்தையும் பற்றிய பிரிவுகளைச் செயற்படுத்தும் என அறிவித்தது. இது அரசின் கடமையைத் தளர்த்துகிறது எனக் குறை கூறுவோர் உண்டு. நம்மை நோக்கியோ அது வேறொரு வினாவை எழுப்புகிறது: முன்முயற்சி எடுக்க வேண்டிய சமூகம் எது? திருச்சபையாகிய நாமும் அல்லவா?

இதற்கு முன்மாதிரி உண்டு. 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி, கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதிய காரணமாயிற்று. மனைவியோ பெரும்பாலும் அதனுடன் கொடுமை போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவர் பலர் நெடுங்காலம் வேண்டிய பின்னரே, 2001இல் இவ்வேற்றுமை நீங்கிற்று.

இனி நம் தூத்துக்குடிக் கரையைப் பார்ப்போம். முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்தது, உப்பளங்கள் நிலைத்தன. வெயிலில் உப்புச் சுமக்கும் பெண்ணின் ஊதியத்தை உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு தொடுகிறது. அவள் தகப்பன் வீட்டுச் சொத்தை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் தொடுகிறது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் அச்சட்டம் சம பங்கு அளிக்கிறது. எனினும், சீதனம் கொடுத்தாயிற்று என்று கூறி, சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் காணப்படுகிறது. சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொள்கிறது. 5ஆம் பிரிவு குறிவைப்பது இத்தகைய நிலையையே.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று தங்கள் பங்கைக் கேட்டனர். மோசே அவர்களை அடக்கவில்லை. வழக்கைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்றே தீர்ப்பு வந்தது. சகோதரன் இல்லாத வீட்டைப் பற்றிய தீர்ப்பு அது என்பது மெய். ஆயினும், பெண்களின் முறையீட்டைச் சபை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே, திருமண ஆயத்த வகுப்பில் வாரிசுரிமைச் சட்டத்தையும் விளக்குவோம். துக்க வீட்டில் பத்திரத்திற்குச் சாட்சியாகக் கையொப்பமிட அழைக்கப்பட்டால், தன் பங்கு இன்னதென்று மகள் அறிந்திருக்கிறாளா என்று முதலில் கேட்போம். சபையின் முன்முயற்சி அங்கே தொடங்கலாம்.