தாயை இழந்த குட்டி காட்டுக்குத் திரும்ப முடியுமா? சூரியக் கரடிகளின் கதை

2023 ஜூலையில் ஒரு காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். சீனாவின் ஹாங்சோ விலங்குத் தோட்டத்தில் ஒரு கறுப்புக் கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. மெலிந்த கால்கள். பின்பக்கத்தில் தொளதொளவென்று மடிந்து தொங்கும் தோல். "இது கரடியே இல்ல, கரடி வேஷம் போட்ட ஆளு!" என்று பார்த்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். விலங்குத் தோட்டம் நிஜமாகவே 'கரடி விடுகிறது' என்று பலர் நம்பினார்கள். கடைசியில் தோட்டமே அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று: பெயர் ஏஞ்சலா, அசல் கரடிதான், இனம் சூரியக் கரடி.

இதில் நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சூரியக் கரடி நம் நாட்டு விலங்கு. தீபகற்பக் காடுகளிலும் உண்டு, சபா, சரவாக்கிலும் உண்டு. புலியைத் தெரியும், ஓராங் ஊத்தானைத் தெரியும், இதை மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. 'மறக்கப்பட்ட கரடி' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே இருக்கிறது.

எப்படி இருக்கும் இந்தக் கரடி?

உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளில் ஆகச் சிறியது இதுதான். எடை ஏறத்தாழ 25 முதல் 65 கிலோகிராம் வரை. ஒரு பெரிய நாய், அல்லது ஒரு மனிதர், அவ்வளவுதான். நெஞ்சில் மஞ்சள் அல்லது வெளிர் நிறத்தில் ஓர் அடையாளம் இருக்கும். உதிக்கும் சூரியன் போலத் தெரிவதால் இந்தப் பெயர். நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு கரடிக்கும் அது வேறுபடும். பராமரிப்பாளர்கள் அதைப் பார்த்தே 'இது இன்னார்' என்று சொல்லிவிடுவார்கள். மலாயில் இதற்கு 'பெருவாங் மாடு' என்றும் பெயர். மாடு என்றால் நம்ம மாடு இல்லை, மலாயில் தேன்!

தேன் என்றால் உயிர். அதற்கு ஏற்ற உடம்பு. நாக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். மரப்பொந்துக்குள் விட்டு தேனையும் கறையானையும் நக்கி எடுக்கும். வளைந்த நீண்ட நகங்கள், மரம் ஏறவும் பட்டையைப் பிளக்கவும். காணொளியில் எல்லாரும் கிண்டல் செய்த அந்தத் தொளதொளத் தோலுக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஒரு விலங்கு பிடித்துக் கவ்வினால், தோலுக்குள்ளேயே உடம்பைத் திருப்பித் திரும்பக் கடிக்க முடியும். போர்னியோவில் புலி இல்லை, ஆனால் மலைப்பாம்பு உண்டு. ஒரு மலைப்பாம்பு சூரியக் கரடியை விழுங்கியது கிழக்குக் கலிமந்தானில் பதிவாகியிருக்கிறது.

இருந்தாலும் இந்தக் கரடிக்குப் பாம்பைவிடப் பெரிய ஆபத்து நாம்தான்.

குட்டி எப்படி மனிதர் வீட்டுக்கு வருகிறது?

2019-இல் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சன்னல் வழியே தலையை நீட்டிக் கத்திய குட்டிக் கரடி ஞாபகம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தார் காணொளி எடுத்துப் பகிர்ந்தார்கள், பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை வந்து மீட்டது. நாய்க்குட்டி என்று நினைத்துத்தான் தூக்கி வந்ததாக அதை வைத்திருந்தவர் சொன்னார் என்று அப்போது செய்தி வந்தது.

சிரிப்பு வருகிறதா? ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குட்டியின் அம்மா எங்கே?

சூரியக் கரடி பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் ஈனும். பிறக்கும்போது குட்டிக்குக் கண் திறந்திருக்காது, உடம்பில் முடிகூட இருக்காது, எடை சில நூறு கிராம்தான். இரண்டு ஆண்டுக்கு மேலேயும் அம்மாவை ஒட்டிக்கொண்டே திரியும். எந்த மரத்தில் ஏறலாம், எந்தக் கட்டையில் கறையான் இருக்கும் என்று எல்லாம் அவளிடம்தான் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட தாய் குட்டியைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டாள். "காட்டுல தனியா கெடந்துச்சு, பாவம்னு எடுத்துட்டு வந்தோம்" என்று சொல்லும் பல கதைகளுக்குப் பின்னால் சுடப்பட்ட ஒரு தாய் இருக்கிறாள், அல்லது கண்ணியில் மாட்டிய ஒரு தாய்.

தாயின் உடம்புக்குச் சந்தை உண்டு. இறைச்சி, நகம், பல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பித்தப்பை. கரடியின் பித்தநீர் மருந்து என்ற நம்பிக்கை ஆசியாவில் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் உள்ள உர்சோடியாக்சிகோலிக் அமிலம் சில கல்லீரல், பித்தப்பைக் கோளாறுகளுக்கு உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் அதை இன்று ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கிறார்கள். மருந்தகத்தில் மாத்திரையாகக் கிடைக்கிறது. அதற்காக ஒரு கரடி சாக வேண்டிய அவசியமே இல்லை. தாய் இப்படிப் போய்விடும். குட்டி 'போனஸ்' மாதிரி செல்லப்பிராணியாக விற்கப்படும்.

முதல் சில மாதம் குட்டி பொம்மை மாதிரிதான் இருக்கும். பால் புட்டியைப் பிடித்துக் குடிக்கும், மடியில் தூங்கும். பிறகு வளரும். கதவைக் கிழிக்கும், கடிக்கும். அப்போதுதான் கூண்டு வருகிறது. இரும்புக் கம்பி, சிமென்ட் தரை, சோறு. மனிதர் பராமரிப்பில் இந்தக் கரடி 25 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செப்பிலோக்கில் என்ன நடக்கிறது?

சபாவின் சண்டாக்கான் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் செப்பிலோக். ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்தால் உலகப் புகழ் பெற்ற இடம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது போர்னியோ சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம். பினாங்கு புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த வனவிலங்கு ஆய்வாளர் வோங் சியூ தே 2008-இல் இதைத் தொடங்கினார். சபா வனவிலங்குத் துறையும் வனத்துறையும் பங்காளிகள். 2014-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது 40-க்கும் மேற்பட்ட கரடிகள் அங்கே இருக்கின்றன.

வோங் கூண்டுக் கரடிகளைப் பார்த்துத் தொடங்கியவர் அல்ல. காட்டுக் கரடிகளைத் தேடிப் போனவர். 1990-களின் கடைசியில் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தார். அங்கே அவர் கண்டது எதிர்பாராத ஒன்று: 1999, 2000-ஆம் ஆண்டுகளில் கரடிகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன, சில செத்தன. போர்னியோவின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும், இடையில் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் அத்திப்பழம் கைகொடுக்கும். அதுவும் போதாமல் போனால் கரடிக்கு வழியில்லை. அப்படி இயற்கையே கடினமான காட்டில்தான் நாம் மரத்தையும் வெட்டுகிறோம், கண்ணியும் வைக்கிறோம். கடந்த 30 ஆண்டுகளில் சூரியக் கரடிகளின் எண்ணிக்கை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும் என்பது அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு.

கூண்டிலிருந்து காட்டுத் தரைக்கு

மீட்கப்பட்ட கரடி வந்ததும் முதலில் தனிமைப்படுத்தப்படும். இரத்தம், பல், எடை, புழு என்று மருத்துவச் சோதனைகள். சில கரடிகளின் பற்கள் உடைந்திருக்கும். சிலவற்றின் நகங்களை வளர்த்தவர்களே வெட்டியிருப்பார்கள். பல ஆண்டு கூண்டில் இருந்தவை குட்டி போட்ட பூனை மாதிரி இங்குமங்கும் ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருக்கும். அது மன அழுத்தத்தின் அடையாளம்.

மையத்தில் கரடி வீட்டை ஒட்டி, மின்வேலி போட்ட உண்மையான காடு இருக்கிறது. காலையில் கதவைத் திறந்துவிடுவார்கள். கரடி ஓடிப்போய் மரம் ஏறும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஆச்சரியம். சிமென்ட் தரையிலேயே வளர்ந்த கரடிக்கு மண் என்றால் பயம். புல் காலில் பட்டால் பின்வாங்கும். கதவருகே நின்று முகர்ந்து பார்க்கும், உள்ளே ஓடிவிடும். வெளியே ஒரு காலை வைக்கச் சிலவற்றுக்கு நாள் கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு மாதக் கணக்கில், இன்னும் சிலவற்றுக்கு ஆண்டுகள்கூட. வாசலுக்கு அருகில் பழம் வைப்பார்கள். அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். கரடி தானாகத்தான் போக வேண்டும்.

சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் காட்டுப் பழக்கம் வராது. அதனால் பழத்தைச் சிதறிப் போடுவார்கள், மரக்கட்டை ஓட்டைக்குள் தேன் தடவி ஒளித்து வைப்பார்கள். தேடித் தின்ன வேண்டும். குட்டிகளின் பாடம் வேறு மாதிரி: பராமரிப்பாளர் ஒருவர் அம்மா போலக் காட்டுக்குள் கூடவே நடப்பார். குட்டி மண்ணைத் தோண்டும், கட்டையைப் பிளக்கும், மரத்தில் ஏறும். மரத்தில் கிளைகளை வளைத்துப் படுக்கை கட்டத் தொடங்கிவிட்டால், 'பரவால்ல, தேறிடும்' என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காட்டில் தனித்து வாழும் விலங்கு என்பதால் கரடிக்கு மற்ற கரடியோடு பழகத் தெரியாது என்று நினைக்கலாம். இந்த மையத்தின் 22 கரடிகளைப் பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். விளையாடும்போது ஒரு கரடியின் முகபாவத்தை எதிரில் இருப்பது அப்படியே திருப்பிச் செய்வது தெரிந்தது. அவ்வளவு துல்லியமாக முகபாவத்தைப் பிரதிபலிப்பது அதற்கு முன் மனிதர்களிடமும் கொரில்லாக்களிடமும்தான் தெரிந்திருந்தது. ஆய்வு 2019-இல் வெளியானது.

எல்லாக் கரடியும் வீடு திரும்புமா?

இல்லை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பயனில்லை.

2015 மே மாதம் நத்தாலி என்ற பெண் கரடி ஹெலிகாப்டரில் தபின் வனவிலங்குக் காப்பகத்தின் உட்காட்டுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. குட்டியாக மீட்கப்பட்டு மையத்தில் வளர்ந்தது. அங்கிருந்து காட்டுக்குப் போன முதல் கரடி அதுதான். கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை. அதற்குப் பிறகும் சில கரடிகள் விடப்பட்டன. ஆனால் மையத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை சின்னதுதான்.

ஏன் செப்பிலோக் காட்டிலேயே திறந்துவிடக்கூடாது? அது அளவில் சிறிய காடு, மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தபின் ஏறத்தாழ 1,20,000 ஹெக்டர். மனித வாடை பழகிய கரடிக்கு அந்தத் தூரம் தேவை. மனிதரைக் கண்டு பயப்படாத கரடி ஒருநாள் கம்போங் பக்கம் வரும். வந்தால் அதற்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து. பல் இல்லாதது, நகம் இல்லாதது, பத்து ஆண்டு கூண்டில் இருந்தது ஆகியவை மின்வேலிக்கு உள்ளே உள்ள காட்டிலேயே கடைசிவரை இருக்கும். கூண்டைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் அது காடு ஆகாது. ஒரு குட்டியைச் சில மாதம் கொஞ்சியதற்கான செலவை, அடுத்த இருபது, முப்பது ஆண்டுக்கு இன்னொருவர் கட்டுகிறார்.

கரடி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

தேனுக்காகக் கரடி மரத்தைப் பிளக்கிறது. அந்தப் பொந்தில் பிறகு பறக்கும் அணிலும் இருவாச்சியும் குடியேறலாம். பெரிய மரங்கள் குறைந்துவரும் காட்டில் இருவாச்சிக்குக் கூடு கிடைப்பது சுலபமில்லை. பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் எச்சமாகப் போடுகிறது. கறையானைத் தின்கிறது, மண்ணைக் கிளறிவிடுகிறது.

நம்மில் பலரின் தாத்தா, பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். "செம்பனைத் தோட்டத்துக்குக் கரடி வந்தா சும்மாவா இருக்கும்?" என்று அவர்கள் கேட்டால் நியாயம்தான். சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரத் தோட்டங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பயிருக்குக் கரடியால் வரும் சேதம் குறைவு; மற்ற விலங்குகளே அதிகம் அழிக்கின்றன. ஆனால் தொழிலாளர்களுக்குக் கரடி மேல் பயம் மட்டும் குறையவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

செல்லக் கரடிக் காணொளி வந்தால் இதயக் குறி போடாதீர்கள், பகிராதீர்கள். ஒவ்வொரு 'ஐயோ, க்யூட்!' பின்னூட்டமும் இன்னொருவருக்கு ஆசையைக் கிளப்பும். யாராவது கரடி வைத்திருப்பது தெரிந்தால் தீபகற்பத்தில் பெர்ஹிலித்தானிடம், சபாவில் சபா வனவிலங்குத் துறையிடம் சொல்லுங்கள். நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். சூரியக் கரடி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்குச் சிறைத் தண்டனை வரை போகலாம். காட்டோரத்தில் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

பள்ளி விடுமுறையில் சண்டாக்கான் போனால், ஓராங் ஊத்தானைப் பார்த்த கையோடு பக்கத்து வாசலுக்கும் போய் வாருங்கள். நுழைவுக் கட்டணம் கரடிகளின் பராமரிப்புக்குத் துணையாக இருக்கும். பார்வைமேடையில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். வெயில் ஏறினால் கரடிகள் பெரும்பாலும் மேலே, கிளையில் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.