பாட்டியின் தையல் மெஷின் ஜாம் ஆகிவிட்டதா? எடைக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்!

மாடிப்படிக்குக் கீழேயோ, பின்கட்டு மூலையிலோ பல வீடுகளில் அது நிற்கும். மேலே ஒரு பழைய வேட்டி போர்த்தி, அதற்கு மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள், பழைய காலண்டர், ஸ்கூல் பை எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். "இது ஓடுமா?" என்று கேட்டால், "எங்க ஓடுது... ஜாம் ஆகி வருஷக்கணக்காச்சு" என்பார்கள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, தராசில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது.

அந்த மெஷின்களில் பலவும் பழுதானவையே அல்ல, உள்ளே ஒட்டிக்கொண்டவை. ஓடுவதற்காக ஊற்றிய எண்ணெயே நாளாக நாளாகக் காற்று பட்டுத் தடித்து, பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி இறுகிவிடுகிறது. அதில் நூல் தூசியும் சேர்ந்தால் கோந்துதான். மெஷின் ஆயில் தீர்ந்துபோன நாளில் அவசரத்துக்கு விட்ட தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். அதுவும் சமையல் எண்ணெயும் சீக்கிரமே சிக்குப் பிடித்துவிடும்.

எந்த ஊர் மெஷின் இது?

சுத்தம் செய்வதற்கு முன் அதன் ஜாதகத்தைப் பார்த்துவிடுங்கள். சிங்கர் மெஷின் என்றால் அடித்தளத்தில், வலது பக்கம் ஒரு நம்பர் பொறித்திருக்கும். வெறும் எண்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1900-க்கு முந்தையது. Y, F, J போன்ற ஓர் எழுத்தோடு தொடங்கினால், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த பிரமாண்டமான தொழிற்சாலையில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. ஆனால், அந்த ஊர் ரயில் நிலையம் ஒன்றின் பெயர் இன்றும் 'சிங்கர்'தான்! நம் ஊரில் அதிகம் பார்க்கும் உஷா, 1930-களில் கல்கத்தாவில் தொடங்கியது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924-ல் ஒரு பேட்டியில் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் என்பது கூடுதல் தகவல்.

'பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும்' என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்ப வேண்டாம். 2009-ல் சவுதி அரேபியாவில் இந்த வதந்தியைக் கேட்டு மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். உள்ளே இருப்பது இரும்பு, எண்ணெய், கொஞ்சம் நூல். அவ்வளவுதான்.

கையில் எடுக்க வேண்டியவை

பழைய டூத் பிரஷ், இயர் பட்ஸ், பழைய பனியன் துணி, சரியான அளவில் ஸ்க்ரூ டிரைவர், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் தையல் மெஷின் ஆயில். கூடவே உங்கள் போன். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த போட்டோக்கள்தான் வாத்தியார். மெஷினில் மோட்டார் மாட்டியிருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தலைப்பகுதி பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். ஸ்டாண்டிலிருந்து தூக்குவதென்றால் துணைக்கு ஓர் ஆள் அவசியம்.

ஊசி, பிரஷர் பாதம், பாபின் கேஸ் மூன்றையும் எடுத்துவிட்டு, ஊசித் தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பல் தெரியும். அசல் குப்பைமேடு அங்கேதான். எங்கள் ஆச்சி வீட்டு மெஷினில் அந்த இடத்தைக் கிளறியபோது, கம்பளி போல இறுகிய பஞ்சு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. ஓர் அடுக்கு கருநீலம், ஓர் அடுக்கு பச்சை, நடுவில் வெள்ளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்த ஆச்சி, "இந்த நீலம் உங்க அம்மா ஆறாவது படிக்கையில தச்ச யூனிஃபார்ம்டி" என்றார். அந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்து மூன்று பெண்களைப் படிக்கவைத்த மெஷின் அது. எடைக்குப் போடலாம் என்று முடிவெடுத்தவரும் ஆச்சிதான், வேறு வழி தெரியாமல்!

பாபின் உட்காரும் ஷட்டில் பகுதியில் அறுந்த நூல்துண்டு சிக்கியிருக்கும். மெஷின் மொத்தமும் நகராமல் நிற்பதற்கு ஒரு விரல் நீள நூல் போதும். டார்ச் அடித்துப் பார்த்து, ட்வீசரால் இழுத்துவிடுங்கள்.

இறுகிய எண்ணெயைக் கரைக்க மெக்கானிக்குகள் காலங்காலமாக நம்புவது மண்ணெண்ணெய். எண்ணெய் விடும் துளைகள், இரும்பும் இரும்பும் உரசும் இடங்கள் எல்லாவற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் கிளவுஸ் இருக்கட்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையென்றால் மெஷின் ஆயிலே போதும், நாள் கொஞ்சம் கூடுதலாகும். ஆயில் மட்டும் விட்டிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டலாம். மண்ணெண்ணெய் விட்ட மெஷினில் அதைச் செய்யவே கூடாது.

மறுநாள் கைச்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நூலிழை அளவு அசைந்தாலும் நல்ல சகுனம்தான். கட்டாங்காப்பி நிறத்தில் கசியும் திரவத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி சொட்டு விடுங்கள். சுத்தியலால் தட்டுவதும் குறடால் ஊசித்தண்டைத் திருகுவதும் இருக்கிறதையும் உடைத்துவிடும். ஆச்சி மெஷின் அசைய நான்கு நாள் ஆனது.

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர, மெஷினை ஓட்டாது. அதனால், அசைந்தவுடன் நன்றாகத் துடைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுவது கட்டாயம். மேல்நூல் போகும் டென்ஷன் தட்டுகளுக்கு மட்டும் எண்ணெய் கூடாது. பிரஷர் பாதத்தைத் தூக்கிவைத்து, அந்தத் தட்டுகளுக்கு நடுவில் மெல்லிய துணியை விட்டு இழுத்தால் போதும். பெல்ட்டிலும், பாபின் சுற்றும் ரப்பர் வளையத்திலும்கூட எண்ணெய் படக் கூடாது, வழுக்கும். கைச்சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே காது வைத்த வாஷர் ஒன்று இருக்கும். அதை மாற்றிப் போட்டால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது. போட்டோ கைகொடுக்கும் இடம் இது.

அந்தத் தங்கப் பூக்கள்...

பலரும் சொதப்புவது இங்கேதான். கறுப்பு உடம்பில் மின்னும் தங்கநிற டிசைன் ஒரு மெல்லிய ஸ்டிக்கர் போன்றதுதான். அதன்மேல் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் பூச்சு இருக்கும். பழைய மெஷின்களில் சானிட்டைசர், ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எது பட்டாலும் பூச்சு கரைந்து, பூவும் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் நார், சோடா உப்பு போன்றவையும் வேண்டாம். மண்ணெண்ணெய் தெறித்தால் உடனே ஒற்றி எடுங்கள்.

மெஷின் ஆயிலில் நனைத்த பஞ்சு, பொறுமை. இரண்டும் போதும். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, லேசாக வட்டமாகத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு வந்தால் அழுக்கு, தொடரலாம். தங்க நிறமோ கறுப்போ வந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சக்கரம் அசையவில்லை அல்லது அசைந்தும் தையல் விழவில்லை என்றால், பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோங்கள். கொடுக்கும்போதே, "பெயின்ட் அடிக்க வேண்டாம்ணே" என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். புதுசாகக் காட்டும் ஆசையில் பூக்களின் மேலேயே கறுப்பு ஸ்பிரே அடித்துவிட்டால், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டிலேயே சரியாகிவிட்டால், முதல் நாள் நூல் கோக்காமல் வெறுமனே ஓட்டுங்கள். அடுத்து, கிழிந்த தலையணை உறையில் நூலோடு ஓட்டிப் பார்க்கலாம். சில நாள்களுக்குத் துணியில் பழுப்புச் சொட்டு விழும், உள்ளே மிச்சமிருந்த பழைய எண்ணெய் அது. சொட்டு தெளிவாக விழத் தொடங்கியபின் நல்ல துணியை எடுக்கலாம். வெள்ளைத் துணிக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.