சிமெண்ட் ரோட்டில் 15 அடிக்கு ஒரு கோடு ஏன்? ரோட்டின் ஆயுளே அதில்தான் இருக்கு!

சிமெண்ட் ரோட்டில் காரில் போனால் 'டப்... டப்...' என்று சீராக ஒரு சத்தம் கேட்கும். ரோட்டின் குறுக்கே இருக்கும் கோடுகள்தான் காரணம். நல்லா போட்ட ரோட்டை ஏன் மெனக்கெட்டு அறுக்கிறார்கள்?

கோடு எதுக்கு?

கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். பிறகு வெயிலில் விரியும், குளிரில் மறுபடி சுருங்கும். வெப்பநிலை 20 டிகிரி மாறினால், ஒரு கிலோமீட்டர் கான்கிரீட்டின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர் மாறப் பார்க்கும். அடியில் இருக்கும் தளமோ அதை நகரவிடாது. இந்த இழுபறியில் விரிசல் வந்தே தீரும்.

அது கண்ட இடத்தில் வராமல், கோட்டுக்கு அடியிலேயே வரணும். அதனால்தான் கான்கிரீட் போட்ட சில மணி நேரத்தில், தடிமனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை மெஷினால் அறுக்கிறார்கள். இதுதான் 'ஜாயின்ட்'. அறுக்க லேட்டானால், விரிசல் முந்திக்கொள்ளும்.

இடைவெளி அதிகமானால்?

பகலில் ஸ்லாபின் மேல்பக்கம் சூடாகி நடுப்பகுதி உயரப் பார்க்கும். இரவில் ஓரங்கள் மேலே தூக்கும். ஸ்லாப் நீளமாக இருந்தால் இந்த அழுத்தமும் அதிகம். அதன் மேல் லோடு லாரி ஏறினால், நடுவில் விரிசல்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே ரோட்டில் 12, 13, 18, 19 அடி என ஸ்லாப்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதே வண்டிகள், அதே வெயில். ஆனால் 18, 19 அடி ஸ்லாப்களில்தான் விரிசல் அதிகம். பிறகு அதிகபட்ச நீளத்தை 15 அடியாகக் குறைத்தார்கள்.

அப்போ நெருக்கமா போட்டால்?

அதிலும் சிக்கல் இருக்கு. ஒவ்வொரு ஜாயின்ட்டும் தண்ணீர் இறங்கும் வழி. அடைப்புப் பூச்சு போய்விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். லாரி ஏறி அழுத்தும்போது அடிமண் சேறாகி வெளியே பீச்சும். நாளடைவில் ஒரு ஸ்லாப் இறங்கி, ரோடு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். ஜாயின்ட் கூடினால் செலவும் பராமரிப்பும் கூடும்.

எது சரியான அளவு?

இந்தியாவில் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் வழக்கமான இடைவெளி 4.5 மீட்டர், அதாவது சுமார் 15 அடி. எடை ஒரு ஸ்லாபில் இருந்து அடுத்ததுக்குப் போக, ஜாயின்ட்டில் 'டவல் பார்' என்ற இரும்புக் கம்பிகளும் வைக்கிறார்கள். ரோட்டின் தடிமன் குறைந்தால் இடைவெளியும் குறையணும்.

உங்க தெருவில் சிமெண்ட் ரோடு போட்டால் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்க. கோட்டில் விரிசல் இருந்தால் கவலை இல்லை, அது வரவேண்டிய இடம். கோட்டை விட்டு நடுவில் ஓடினால், ஏன் என்று கேட்க வேண்டியதுதான்!