குடிபோகும் முன் காலி செய்யும் வழியைக் கேளுங்கள்

2012 முதல் சில ஆண்டுகள், இந்தியாவில் இருந்துகொண்டு எந்த பிளாக்ஸ்பாட் வலைப்பூவைத் திறந்தாலும் முகவரியின் கடைசியில் 'டாட் காம்' போய் 'டாட் இன்' வந்து நிற்கும். கூகுள் செய்த ஏற்பாடு அது. வாசித்தவர்கள் அதையே நகலெடுத்து முகநூலில் பகிர்ந்தார்கள், நண்பர்களுக்கு அனுப்பினார்கள். 2018-இல் கூகுள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. 2020-இல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே அதன் கையை விட்டுப் போய், வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்குக் கூட்டிப்போன பழைய இணைப்புகள்தான் செத்துப்போயின. இப்போதும் அப்படி ஓர் இணைப்பு கண்ணில் பட்டால் 'இன்'னை அழித்துவிட்டு 'காம்' என்று தட்டிப் பார்ப்பேன். பல சமயம் பதிவு வைத்த இடத்திலேயே இருக்கும்.

புதிதாக வலைப்பூ தொடங்குபவர்கள் "பிளாக்கரா, வேர்ட்பிரஸா?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. எழுத்தைச் சேமித்து வைத்திருக்கும் சர்வர் ஒன்று. வாசகர் தட்டுகிற முகவரி, அதாவது டொமைன், இன்னொன்று. சர்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வாசகருக்குத் தெரியக்கூடத் தெரியாது. முகவரி மாறினால்தான் சிக்கல்.

1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் கைக்கு வந்த பிளாக்கரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். காசு கிடையாது. ஒரு பதிவு திடீரென்று ஊரெல்லாம் பரவினாலும் தளம் படுக்காது. சொந்த டொமைன் வாங்கி இணைத்துக்கொள்ளலாம், அந்த இணைப்புக்கும் கட்டணம் இல்லை. பலருக்கு இந்த வசதி தெரியாமலே பத்து வருடம் ஓடியிருக்கிறது. குறை என்னவென்றால், கூகுள் எதை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. வலைப்பூக்களைச் சேர்த்து வாசிக்க உதவிய ரீடரை 2013-இல் மூடியது. 2019-இல் கூகுள் பிளஸ் போனபோது, அதன் வழியாக பிளாக்கர் பதிவுகளில் எழுதப்பட்டிருந்த மறுமொழிகளும் சேர்ந்து அழிந்தன.

வேர்ட்பிரஸில் பெயர்க் குழப்பம் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே இலவசக் கணக்கில் அவர்கள் போடும் விளம்பரம் வரும், சொந்த டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது வெறும் மென்பொருள். அதை இறக்கி, வேறொருவரிடம் ஹோஸ்டிங் வாங்கி, நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். முழுச் சுதந்திரம் உண்டு. அப்டேட், பாதுகாப்பு, பேக்கப் எல்லாமும் நம் தலையில். இந்த ஹோஸ்டிங் விளம்பரங்களில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அந்த விலை மூன்று ஆண்டுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். மூன்றாண்டு முடிந்ததும் வந்த ரினியூவல் பில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வாங்கும்போது ரினியூவல் விலை என்ன என்று மட்டும் தேடிப் பாருங்கள். பொடி எழுத்தில் எங்காவது இருக்கும்.

மின்னஞ்சலிலேயே வாசகரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு சப்ஸ்டாக் இருக்கிறது. சந்தா வசூலித்தால் அதில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கிட்ஹப் பேஜஸுக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

காசு கொடுத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் வேண்டாம். இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 1999-இல் வாங்கிய யாகூ, 2009-இல் அமெரிக்காவில் அதை மூடியது. போஸ்டரஸ் என்ற இலவச வலைப்பூச் சேவையை ட்விட்டர் 2012-இல் வாங்கி மறு ஆண்டே மூடியது. ஆனால் 2003-இல் தொடங்கிய டைப்பேட் கட்டணச் சேவை. பதிவர்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டி வந்தார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அறிவிப்பு வந்தது, செப்டம்பர் 30-ஆம் தேதி கதவு சாத்தப்பட்டது. இடையில் இருந்தது ஒரு மாதம்.

அதனால் எந்தச் சேவையில் சேர்ந்தாலும், சோதனைக்கு இரண்டு பதிவு போட்டுவிட்டு, உடனே பேக்கப் எடுத்துத் திறந்து பாருங்கள். பிளாக்கர் தரும் எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் குறியீடுகளுக்கு நடுவே நம் தமிழ் வரிகள் வரிசையாகத் தெரியும். படம் இருக்க வேண்டிய இடத்தில் படம் இருக்காது. கூகுள் சர்வரில் உள்ள படத்தின் முகவரிதான் இருக்கும். அந்தச் சர்வர் நின்றால் இந்தக் கோப்பில் எழுத்து மட்டும் மிஞ்சும், அத்தைப் பாட்டியின் கல்யாணப் படம் மிஞ்சாது. படங்களுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டொமைன் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆண்டுச் செலவு. ஹோஸ்டிங் விற்பவரிடமே சேர்த்து வாங்காமல் வேறு இடத்தில் வாங்குவது என் வழக்கம். சண்டை என்று வந்தால் இரண்டும் ஒரே ஆளிடம் மாட்டிக்கொள்ளாது. டொமைன் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் துபாய்க்கு வேலைக்குப் போனபின் கடவுச்சொல்லுக்காக வாட்ஸப்பில் காத்திருக்க நேரும்.

ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கூடுதல் சரிபார்ப்பு விதி 2021 அக்டோபரில் அமலானபோது, வெளிநாட்டு நிறுவனங்களிடம் நம்மூர் கார்டைக் கொடுத்திருந்த பலருக்குப் பணம் போகாமல் நின்றது. டாட் காம் பெயர் காலாவதியாகி அழிப்புக்குப் போனாலும், மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு அபராதம் தனி, பெரும்பாலும் ரினியூவல் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. சமையலறைக் காலண்டரில் சிலிண்டர் புக் பண்ணிய தேதிக்குப் பக்கத்தில் என் டொமைன் தேதியையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.