மண் செய்யும் வேலை

நுழையும்முன்

உழைப்பின்றி விளைவில்லை என்பது உழவின் முதற்பாடம். எனினும், அவ்வுழைப்பு முழுவதையும் மனிதரே செய்யவேண்டும் என்பதில்லை. நிழலும் புழுவும் வேரும் அதில் பங்கேற்கும். அப்பங்கை அவற்றிடம் ஒப்படைக்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

ஆலைகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கருநாடக எல்லையையொட்டி அமைந்துள்ளது ஓசூர். மிதமான தட்பவெப்பமும் செம்மண்ணும் கொண்ட இப்பகுதி கேழ்வரகு, அவரை, கொள்ளு ஆகியவற்றின் விளைநிலமாக இருந்து வந்தது. 1970களில் இங்குச் சிப்காட் தொழில் வளாகம் உருவானது. இருசக்கர வாகனங்களும் சரக்குந்துகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் பெருகின. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது.

பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோர் இங்கு வாழ்கின்றனர். அவர்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டின் பின்புறம் அரை சென்ட் நிலம் வெறுமனே கிடந்தாலும், இரவுப்பணி முடிந்து திரும்புவோர்க்குக் கொத்தவும் களையெடுக்கவும் நேரமில்லை. அதனால் மண்ணை அறிந்த கைகள் சந்தையில் கீரைக்கட்டு வாங்குகின்றன.

தொழில் நகரங்கள் தோன்றிய இடங்களிலெல்லாம் இந்நிலை நேர்ந்துள்ளது. இங்கிலாந்தில் தொழிலாளர் குடும்பங்கள் காய்கறி பயிரிடுவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் சிறு நிலங்களைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கவேண்டும் என 1908ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்தது. ஒரு பங்கின் வழக்கமான பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட். நிலம் கிடைத்தபின் எழும் கேள்வி ஒன்றே: குறைந்த நேரத்தில் அதை எப்படிப் பேணுவது?

பட்டம் அறிதல்

உழைப்பைக் குறைக்கும் முதல் வழி, பருவம் அறிந்து விதைத்தல். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். ஓசூரில் குளிர் தணிந்து வெயில் ஏறத் தொடங்கும் காலம் இது. வெண்டை, கொத்தவரை, காராமணி, பூசணி, தண்டுக்கீரை ஆகியவை இவ்வெப்பத்தை விரும்புபவை. கோடை மழை பெய்யும் வேளையில் அவை வேரூன்றி நிற்கும்.

மரபுவழி நாட்டு அவரையோ பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். மாசியில் விதைத்தால் கொடி மட்டுமே படரும். பட்டம் தவறிய பயிருக்கு எவ்வளவு நீர் ஊற்றினாலும் உழைப்பு வீணாகும்.

மூடாக்கு

வெறும் மண்ணில் வெயில் நேரே விழுந்தால் ஈரம் ஆவியாகும். ஒளியைக் கண்டு களைவிதைகள் முளைக்கும். மண்ணைக் கிளறுந்தோறும் ஆழத்தில் உறங்கும் விதைகள் மேலே வந்து புதிய களைகளாகும். எனவே, மண்ணைக் கிளறாமல் மூடிவைப்பது களைப்பறிக்கும் வேலையைப் பெருமளவு குறைக்கிறது.

உலர்ந்த இலை, வைக்கோல், கேழ்வரகுத் தாள் ஆகியவற்றை நான்கு விரற்கடை உயரத்திற்குப் பரப்புவதே மூடாக்கு. அச்சு மை இல்லாத பழைய அட்டைப்பெட்டியை, ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் நீக்கியபின், அடியில் விரிக்கலாம். நாளடைவில் இவை மட்கி எருவாகும். மண்புழுக்கள் அதனை உண்டு, மண்ணைத் துளைத்துப் பொலபொலப்பாக்கும். மண்வெட்டியின் வேலையை அவை செய்கின்றன.

> தெரிந்து தெளிவோம்
> சப்பானியரான மசனோபு ஃபுக்குவோக்கா (1913–2008) தாவர நோயியல் பயின்று, யோக்கோகாமா சுங்கத்துறையில் தாவர ஆய்வாளராகப் பணியாற்றியவர். பின்னர் ஊர் திரும்பி, உழாமலும் இரசாயன உரமிடாமலும் நெல் விளைவித்தார். 1975இல் வெளியான அவரது 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் மூடாக்கின் பயனை ஊர்தோறும் எடுத்துரைத்தவர் கோ. நம்மாழ்வார் (1938–2013).

துணைப்பயிர்

கருநாடக மானாவாரி நிலங்களில் 'அக்கடி சாலு' என்னும் மரபு உண்டு. கேழ்வரகுக்கு இடையிடையே அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு ஆகியவற்றை வரிசையாக விதைப்பர். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். பயறுவகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கும்.

இம்மரபைச் சிறு தோட்டத்திலும் பின்பற்றலாம். வெண்டைக்கு இடையே காராமணியும் ஓரத்தில் பூசணியும் விதைத்தால், காராமணி மண்ணை வளமாக்கும். பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மறைத்து உயிருள்ள மூடாக்காக அமையும். மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், நீர் மெல்லக் கசிந்து வேரை அடையும். இதனால் நாள்தோறும் நீரூற்றும் தேவை குறையும்.

எல்லை அறிதல்

குறைந்த உழைப்பு என்பது உழைப்பின்மை அன்று. கோரையும் அருகும் மூடாக்கைத் துளைத்து எழுபவை. அவற்றை முதலில் கிழங்கோடும் வேரோடும் தோண்டியெடுக்க வேண்டும். கீரைவிதை நுண்ணியது என்பதால், விதைக்குமிடத்தில் மூடாக்கை விலக்க வேண்டும். கறையானும் நத்தையும் அண்டாதபடி செடியின் தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விடுவது நன்று.

தொழிற்பகுதிக்குரிய எச்சரிக்கை மற்றொன்று உண்டு. தென்பெண்ணையாற்றில் கழிவுநீர் கலப்பதால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது. நஞ்சு கலந்த நீரையும் மண்ணையும் மூடாக்கு தூய்மையாக்கிவிடாது. ஆகவே, விதைக்குமுன் அவற்றை ஆய்வகத்தில் சோதித்தறிதல் வேண்டும்.

முதற்பருவத்தில் இத்தகைய உழைப்பு சற்று மிகுதியாகவே தேவைப்படும். மண் வளம்பெறப் பெற அது குறையும். பணி முடிந்து திரும்பும் தொழிலாளி நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். மூடாக்கை விலக்கி ஈரம் பார்க்கவும், ஒரு வேளைக் குழம்புக்கு வெண்டை பறிக்கவும் இயலும். ஊரில் பெற்றோரிடம் கற்ற உழவறிவும் அவர் கையைவிட்டு அகலாது.