கணிப்பொறிக்குத் தோட்டம் தெரியுமா?

திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் சிறுமலை. அங்கே விளையும் மலைவாழை 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது. சமவெளி வாழையைப் போல அது தனித்தோப்பாக நிற்பதில்லை. காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா ஆகியவற்றுக்கு நடுவே, ஒரே கிழங்கிலிருந்து கன்று மேல் கன்றாகப் பல ஆண்டுகள் தழைத்துக்கொண்டிருக்கும். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து தார்கள் குதிரை முதுகில் இறங்கி வருவதும் உண்டு.

இந்தப் பழத்தை வாங்கி விற்கும் கமிஷன் மண்டிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சிட்டையும் பேரேடுமாக இருந்த கடையில் கணிப்பொறி வந்துவிட்டது. வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள், அதாவது சி.ஆர்.எம். ஒன்றையும் வாங்கிவிட்டார். திறந்து பார்த்தால் அதில் நான்கு முக்கியமான ஏடுகள் இருக்கின்றன: வாங்கக்கூடும் என்று விசாரித்தவர், நமக்குத் தொடர்புள்ள மனிதர், அவர் சார்ந்த நிறுவனம், நடந்துகொண்டிருக்கும் பேரம். உலகில் எந்தக் கடைக்கும் இவை தேவைப்படும் என்று மென்பொருளைச் செய்தவர்கள் கருதியிருக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் நம் மண்டிக்காரரின் தொழிலில் இவற்றுக்கு நிகரான இன்னொன்று இருக்கிறதே! தோட்டம். அதை எங்கே எழுதுவது?

எளிதாகத் தோன்றும் வழி, விவசாயியின் பதிவில் ‘தோட்டம்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பது. இந்தக் கட்டத்தைத்தான் ‘புலம்’ என்கிறோம். பெயர் ஒரு புலம், தொலைபேசி எண் ஒரு புலம். ஒருவருக்கு ஒரே தோட்டம் இருக்கும்வரை இது போதும். இரண்டு இருந்தால்? ‘தோட்டம் 2’ என்று இன்னொரு புலம் சேர்ப்பார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான தோட்டமானால் அதே விவரம் இருவர் பதிவிலும் ஏறும். ஒன்றில் திருத்தி மற்றொன்றில் விட்டுவிட்டால் எது சரி என்று கணிப்பொறி அறியாது. தோட்டம் கைமாறும்போது பழைய சொந்தக்காரர் பதிவோடு அதன் வரலாறும் தங்கிவிடும்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டுமே குறிக்கும் ஒரு திறவுகோல். வேறோர் அட்டவணையில் அதைச் சுட்டவேண்டுமானால் விவரங்களைத் திரும்ப எழுதாமல் திறவுகோலை மட்டும் எழுதினால் போதும். (பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.) இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை இந்தக் கருத்தின்மேல் எழுந்தவையே.

ஆக, தோட்டம் என்பது விவசாயியின் ஒரு குணமா, தனியே நிற்கும் ஒரு பொருளா என்பதே கேள்வி. தனக்கென்று சில விவரங்கள் இருந்து, சொந்தக்காரர் மாறினாலும் தான் மாறாமல் நின்று, வேறு பதிவுகள் தன்னைச் சுட்டவேண்டிய அவசியமும் இருந்தால் அது தனிப்பொருள். தோட்டம் மூன்றிலும் தேறுகிறது. பழத்தின் ரகம் தேறாது. அது ஒரு புலமாக இருந்தாலே போதும்.

இப்படி மென்பொருளில் இல்லாத புதிய ஏடு ஒன்றை நாமே உண்டாக்குவதுதான் தனிப்பயன் தரவுப் பொருள். 1996இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் சி.ஆர்.எம். இதை ‘மாட்யூல்’ என்கிறது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் ‘ஆப்ஜெக்ட்’ என்கிறது. நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. பெயர் சூட்டிப் புலங்களை வரிசையாகச் சேர்த்தால் ஏடு தயார்.

ஆனால் புலத்தின் வகையைத் தேர்வதில் கவனம் வேண்டும். தார் எண்ணிக்கையை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்தால், ‘40 தார்’ என்று ஒருவர் எழுதுவார், ‘நாற்பது’ என்று மற்றவர் எழுதுவார். கூட்டிப் பார்க்க முடியாது. ரகத்தையும் அவரவர் விருப்பப்படி எழுதவிட்டால் ‘மலைவாழை’, ‘மலை வாழை’, ‘சிறுமலைப்பழம்’ என்று ஒரே பழம் மூன்றாகிவிடும். ஒட்டியும் பிரித்தும் எழுதும் நம் தமிழுக்கு இது தீராத தொல்லை. ஆகவே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் புலமே நல்லது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் பெயரையே பெயராக வைக்காமல், மென்பொருள் தானே கொடுக்கும் வரிசை எண்ணை வைப்பது மேல். ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்டவர்கள் எத்தனை பேர்!

இதில் ஒரு வியப்பும் உண்டு. இணையவழி மென்பொருளில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு கடைக்காரரும் ‘தோட்டம்’, ‘லாரி’ என்று ஆளுக்கொரு அட்டவணை கட்டினால் அது தாங்குமா? சேல்ஸ்ஃபோர்ஸ் பொறியாளர்கள் 2009இல் தங்கள் உத்தியை வெளியிட்டார்கள். உண்மையில் புதிய அட்டவணை எதுவும் கட்டப்படுவதில்லை. 0 முதல் 500 வரை எண்ணிட்ட 501 பத்திகள் கொண்ட பெரிய அட்டவணை ஒன்றில்தான் எல்லாருடைய விவரங்களும் எழுத்து வடிவில் போய்ச் சேர்கின்றன. மூன்றாம் பத்தியில் ஒருவருக்குத் தேதி இருக்கும், மற்றவருக்கு ரூபாய் இருக்கும். எந்தப் பத்தி யாருக்கு எதைக் குறிக்கிறது என்பதைத் தனியே ஓர் அகராதி சொல்கிறது. நாம் ‘தோட்டம்’ என்ற பொருளை உண்டாக்கும்போது அந்த அகராதியில் சில வரிகள் கூடுகின்றன, அவ்வளவே. ஆகவேதான் நொடிப்பொழுதில் வேலை முடிகிறது.

இனி நம் மண்டிக்குத் திரும்புவோம். தோட்டத்தை ஏட்டில் ஏற்றியாயிற்று. அதைவிட முக்கியமான ஒன்று மிஞ்சியிருக்கிறது: கன்று. மலைவாழையின் பெரும் பகை முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும், தார் விடாது. கடந்த நூற்றாண்டில் சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழைப் பரப்பு மிகவும் சுருங்கியதற்கு இந்த நோய் பெருங்காரணம். வைரஸால் வரும் இதற்கு மருந்து இல்லை. தாக்கிய மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிக்கவேண்டும். வாழை அசுவினி என்ற சிறு பூச்சி நோயைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் தொலைதூரத்துக்குக் கொண்டுபோவது மனிதன், கன்றின் மூலமாக. பார்வைக்கு நலமாக உள்ள கன்றுக்குள்ளும் வைரஸ் மறைந்திருக்கலாம்.

ஒரு தோட்டத்தில் நோய் தெரிந்ததும் எழும் முதல் கேள்வி, இங்கிருந்து கன்று யார் யாருக்குப் போயிற்று என்பது. ஒரு தோட்டம் பல தோட்டங்களுக்குக் கன்று கொடுத்திருக்கும். பலவற்றிலிருந்து வாங்கியும் இருக்கும். ‘கன்று வாங்கிய இடம்’ என்று ஒரே புலம் வைத்தால் இந்தப் பின்னலைப் பிடிக்க முடியாது. ‘கன்று மாற்று’ என்றே ஒரு தனிப்பொருள் வேண்டும். அதில் கொடுத்த தோட்டம், வாங்கிய தோட்டம், தேதி, எண்ணிக்கை என நான்கு புலங்கள் இருந்தால் போதும். முதல் இரண்டும் தோட்டத்தின் திறவுகோல்கள். இருபுறமும் கைகோத்து நிற்பதால் இதை இணைப்புப் பொருள் என்பர். இப்போது நோய்ப்பட்ட தோட்டத்தின் எண்ணைக் கொடுத்தால், அங்கிருந்து கன்று பெற்றவையும், அவற்றிடமிருந்து பெற்றவையும் படிப்படியாகத் திரையில் வந்துவிடும். குறிப்பேட்டைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் அசுவினி எத்தனை வேலி தாண்டியிருக்கும்!

இந்த உறவை அமைக்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். சுட்டப்படும் பதிவை அழித்தால் சுட்டும் பதிவை என்ன செய்வது? சேல்ஸ்ஃபோர்ஸில் தலைமைப் பதிவோடு இறுக்கமாகப் பிணைத்த பதிவுகள், தலைமைப் பதிவை அழித்தவுடன் தாமும் சேர்ந்து அழிந்துவிடும். விற்பனைச் சீட்டும் அதிலுள்ள வரிகளும் போன்றவற்றுக்கு இது பொருந்தும். தோட்டத்துக்கும் கன்று மாற்றுக்கும் பொருந்தாது. நோயால் ஒரு தோட்டத்து வாழை முழுவதையும் பிடுங்கிவிட்டோமே, இனி அந்தப் பதிவு எதற்கு என்று குமாஸ்தா அழித்தால், அங்கிருந்து கன்று போன தடங்களும் அதனோடு மறையும். அவை தேவைப்படும் சமயமும் அதுவே. ஆகையால் இங்கே தளர்வான உறவை அமைத்து, சுட்டப்படும் பதிவை அழிக்கத் தடை என்ற தேர்வையும் வைக்கவேண்டும். தோட்டப் பதிவில் ‘நிலை’ என்று ஒரு புலம் சேர்த்து, ‘பிடுங்கப்பட்டது’ என்று குறித்துப் பக்கத்தில் தேதியைப் போட்டுவிடலாம்.