கொம்பனித்தெருவில் ஒரு கடன் கொப்பி

கொழும்பில் முப்பது வருடமாக வியாபாரம் செய்யும் எனக்குக் கொம்பனித்தெரு புதிய இடமல்ல. ஆனாலும் அண்மையில் ஒரு பாக்கி விடயமாக அப்பக்கம் போனபோது, எந்த ஒழுங்கையால் திரும்புவதென்று தடுமாறிவிட்டேன். அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய கட்டடங்களைக் காணவில்லை. தலையை உயர்த்தினால் 68 மாடி அல்டெயார். அப்பால் 2024 இல் திறக்கப்பட்ட சினமன் லைஃப்.

ஆங்கிலேயர் இவ்விடத்தை ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு என்றார்கள். ஒல்லாந்தர் பகலில் கோட்டையில் வேலை வாங்கிய ஆபிரிக்க அடிமைகளை, இரவில் பேர வாவி சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்து வைத்தார்கள். பிறகு மலாயர்களின் இடமாயிற்று. பிரித்தானியரின் ரைபிள் படையில் இருந்த அவர்கள், 1873 இல் அது கலைக்கப்பட்டதும் பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள். ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்களும், பந்தன் பாலி என்ற மலாயர் 1786 இல் கட்டிய வேகந்தப் பள்ளிவாசலும் அந்தக் கதையைச் சொல்லும்.

நான் தேடிப் போன சில்லறைக் கடைக்காரர் என்னிலும் மூத்தவர். "வாங்க தம்பி, பாக்கிக்குத்தானே?" என்று சிரித்தார்.

"சும்மா பார்த்திட்டுப் போகவும்தான் வந்தேன், நானா" என்றேன்.

கடன் கொப்பியை எடுத்து முன்னால் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன.

"இவங்க எல்லாம் மாடி வீட்டுக்குப் போயிட்டாங்க. ஏமாத்துற ஆக்களில்ல. ஆனா ஆயிரம் ரூபா கடனைக் கட்ட தெமட்டகொடையிலிருந்து ஓட்டோவில வருவாங்களா? ஓட்டோவுக்கே அவ்வளவு போயிடுமே."

அவருடைய வியாபாரம் நடந்து வரும் தூரத்துக்குள் இருப்பது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் மாலையில் நூறு கிராம் சீனி, ஒரு முட்டை, அரை இறாத்தல் பாண் வாங்குவார். சம்பளம் கிடைத்ததும் கணக்கைத் தீர்ப்பார். சுப்பர் மார்க்கெட்டில் கொப்பி கிடையாது.

பழைய தோட்டங்களைப் புகழ நான் வரவில்லை. விடியற்காலையில் வாளியோடு பொதுக் குழாயில் வரிசையில் நின்றவருக்கே அந்த அருமை தெரியும். வீட்டுக்குள் தண்ணீரும் மலசலகூடமும் கிடைப்பது பெரிய விடயம். ஆனால் எல்லோரும் விரும்பிப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வியாபாரியாக என் மனதில் உறுத்துவது வேறொன்று. ஒரு பெரிய கம்பனி இன்னொன்றை வாங்கினால், 'நன்மதிப்பு' என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதுவார்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கான விலை அது. இந்த நானாவின் கடையை அளக்க வந்தவர்கள் சதுர அடியை எழுதினார்கள், உறுதியைக் கேட்டார்கள். கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. அவரிடமோ முறையான கணக்குப் புத்தகமும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் வாப்பா காலத்துப் பெயரில். அது அவர் பக்கத்துப் பிழை. நம்மில் பலரும் செய்யும் பிழை.

அடுத்த கடையில் பிட்டும் பாபத்தும் வாங்கித் தந்தார், காசு எடுக்க விடவில்லை. பாக்கியில் பாதியைக் கையில் வைத்தார். மீதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய கொப்பியில் அது இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது.